எம்.ஜி.ஆர். பெயரை முன்வைக்காமல் சரோஜாதேவியைப் பற்றிப் பேச முடியுமா?

அல்சூர்க்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் மூத்தவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை கூடிப் பழைய திரைப்படங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் கன்னடர்கள், தமிழ்க் குடும்பங்கள் எட்டோ ஒன்பதோதான். இந்த மாதம் நடிகை பி. சரோஜாதேவியைப் பற்றிப் பேசும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. பதினைந்து நிமிடம் பேசலாம், இடையே மூன்று படத்துண்டுகளைப் போட்டுக் காட்டலாம் என்று ஏற்பாடு.

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவர் 1938 ஜனவரி 7-ஆம் தேதி இதே பெங்களூரில் பிறந்தவர், தந்தை காவல்துறையில் பணிபுரிந்தவர். 1955-இல் ‘மகாகவி காளிதாசா’ என்ற கன்னடப் படத்தில் அறிமுகமாகி, தமிழ், தெலுங்கு, இந்தி என்று நான்கு மொழிகளிலும் நடித்தார். 1969-இல் பத்மஸ்ரீ, 1992-இல் பத்மபூஷண் விருதுகளைப் பெற்றார். 2025 ஜூலை 14 அன்று மல்லேசுவரத்தில் உள்ள தம் வீட்டில் காலமானார். இவற்றை அடுக்கினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். மீதிப் பதின்மூன்று நிமிடத்துக்கு என்ன சொல்வது என்று எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. நான் எழுதிய முதல் தாளில் ‘எம்.ஜி.ஆர்.’ என்ற பெயர் பதினொரு முறை வந்திருந்தது. அதை வாங்கிப் படித்த என் மனைவி, “இது யாரைப் பற்றிய பேச்சு?” என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவர் மறைந்த செய்தி வந்த அன்று, எண்பதைத் தாண்டிய என் தாயார் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிட்டு, அந்த இழுப்பும் குழைவும் மாறாமல் “கோபால்” என்று ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. எனவே எம்.ஜி.ஆர். படங்களுக்கு அப்பாலும் அந்த அம்மையாரிடம் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது, ஆனால் அது இன்னதென்று எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. நாயகர்களின் நிழலிலிருந்து விலக்கிப் பார்த்தால் அவருடையது என்று எதைச் சொல்லலாம்? கன்னடர்களும் தமிழர்களும் சேர்ந்து அமர்ந்திருக்கும் அவையில் எந்த மூன்று காட்சிகளைக் காட்டலாம்? விவரம் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

பழையபிரிண்ட் எழுதியது:

உங்கள் மனைவியார் கேட்டது சரியான கேள்வி. முதலில் வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

‘நாடோடி மன்னன்’ 1958 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் முற்பகுதியில் நாயகி பானுமதிதான். அவருடைய பாத்திரம் பாதியில் இறந்துபோன பிறகு, படம் கருப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறும் பகுதியில் இளவரசியாக வருகிறார் சரோஜாதேவி. அதற்கு முன் ‘தங்கமலை ரகசியம்’ போன்ற படங்களில் நடனமாடியிருந்தாலும், தமிழ்நாட்டு மக்கள் அவரை நின்று பார்த்தது அந்த வண்ணப் பகுதியில்தான். அந்த வாய்ப்பைக் கொடுத்தவர் எம்.ஜி.ஆர். என்பதை அந்த அம்மையாரே வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார், ஆகவே அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் படத்தில் அவர் அழகாக இருந்தார் என்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை என்பது என் கருத்து.

அவரை நடிகையாகத் தமிழர்கள் ஏற்றுக்கொண்டது அதற்கு அடுத்த ஆண்டு, எம்.ஜி.ஆரோ சிவாஜியோ இல்லாத ஒரு படத்தில். வசனகர்த்தாவாக இருந்த ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய ‘கல்யாண பரிசு’ 1959-இல் வெளிவந்தது. ஜெமினி கணேசனும் விஜயகுமாரியும் உடன் நடித்தார்கள். தான் காதலித்தவனையே தன் அக்காவும் விரும்புகிறாள் என்று அறிந்து, வாய் திறக்காமல் விலகிக்கொள்ளும் வசந்தி என்ற தங்கையின் வேடம் சரோஜாதேவிக்கு. ஏ.எம். ராஜாவின் இசையில் வரும் தீபாவளிப் பாட்டு அந்தப் படத்தில் இரண்டு முறை ஒலிக்கும். முதலில் பி. சுசீலாவின் குரலில் மகிழ்ச்சியாகவும், பின்னர் ராஜாவின் குரலிலேயே சோகமாகவும் வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால், இடையில் கதை என்னவாயிற்று என்று நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

அந்தப் படத்தை இன்று பார்க்கும்போது எனக்குப் படுவது ஒன்றுண்டு. அக்காலத் தமிழ்ப் படங்களில் துன்பம் வந்தால் பெண் பாத்திரம் பேசித் தீர்க்கும், பக்கம் பக்கமாக வசனம் இருக்கும். இவருக்கு அப்போது தமிழ் வசனம் சரளமாக வராது. அந்தக் குறையே அவருக்கு நன்மையாக முடிந்தது. வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவார், சொல்லை விழுங்குவார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அடுக்குமொழி பேசத் தெரிந்த ஒருவர் அந்த வேடத்தை ஏற்றிருந்தால் வசந்தி இத்தனை அமைதியானவளாக இருந்திருக்க மாட்டாள். அதே கதை தெலுங்கில் ‘பெள்ளி கானுக’ என்று மறு ஆண்டே எடுக்கப்பட்டபோது அந்த வேடத்தை மீண்டும் இவரிடமே கொடுத்தார்கள்.

அதே 1959-இல் சிவாஜியுடன் ‘பாகப்பிரிவினை’, இந்தியில் திலீப்குமாரும் வைஜெயந்திமாலாவும் நடித்த ‘பைகாம்’ என்று அவருக்கு ஒரே ஆண்டில் எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டன. அப்போது வயது இருபத்தொன்று.

உங்கள் தாயார் சொன்ன ‘கோபால்’ பற்றி வேறு யாராவது எழுதுவார்கள் என்று விட்டுவிடுகிறேன்.

ஸ்ரீராம்புரத்துப்பெண் எழுதியது:

என் தாய்மொழி கன்னடம். ஸ்ரீராம்புரத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்ததால் பேச்சு முதலில் வந்தது, எழுத்தைப் பின்னால் கற்றுக்கொண்டேன். ஆகவே பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘கன்னடத்துப் பைங்கிளி’ என்று தமிழர்கள் அவருக்குக் கொடுத்த பட்டத்தை நான் சிறுமியாக இருந்தபோது பெருமையாகத்தான் கேட்டேன். வளர்ந்த பிறகு ஒரு நெருடல் வந்தது. கிளி என்றால் சொல்லிக்கொடுத்ததை மழலையாகத் திருப்பிச் சொல்வது அல்லவா? அவர் பேசிய கன்னடத்தைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். எங்கள் வீடுகளில் அவர் ‘அபிநய சரஸ்வதி’.

நீங்கள் கட்டாயம் காட்ட வேண்டிய படம் ‘கித்தூர் சென்னம்மா’. 1961-இல் வந்தது. 1824-இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட கித்தூர் அரசியின் வேடம் அவருக்கு. இயக்கியவர் பி.ஆர். பந்துலு, அதாவது அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் தமிழில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ எடுத்த அதே பந்துலு. கப்பம் கட்ட மறுத்து அரசி பேசும் காட்சி கர்நாடகத்தில் பள்ளிக்கூட மேடைதோறும் குழந்தைகள் நடித்துக் காட்டுவது. எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நானும் அட்டை வாளை ஏந்தி அந்த வசனத்தைப் பேசியிருக்கிறேன். வாள் நடுவில் மடிந்துபோனது வேறு கதை. உங்கள் அவையில் இருக்கும் தமிழர்களுக்கு அந்தக் காட்சியைப் பார்த்ததும் சிவாஜியின் கட்டபொம்மன் நினைவுக்கு வரும், கன்னடர்களுக்கோ உடன் பேசத் தோன்றும்.

அந்தக் காட்சியில் அவருடைய குரலைக் கூர்ந்து கேளுங்கள். கொஞ்சல் இல்லை, இழுப்பு இல்லை, அடிவயிற்றிலிருந்து வரும் குரல். தமிழில் நீங்கள் எல்லாரும் விரும்பிய கொஞ்சு மொழி அவருடைய இயல்பு அன்று, தமிழுக்காக அவர் அமைத்துக்கொண்ட ஒன்று என்று நான் நினைப்பது இதனால்தான். பழையபிரிண்ட் ஐயா சொல்வதுபோல் அது தடுமாற்றத்தில் தொடங்கியிருக்கலாம். ஆனால் பத்து ஆண்டு, ஐம்பது படம் கடந்த பிறகும் ஒருவர் அப்படியே பேசினார் என்றால், அதற்கு மேல் அதைத் தடுமாற்றம் என்று சொல்லக்கூடாது. அது அவர் கையில் இருந்த கருவி.

இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரை அறிமுகப்படுத்திய ஹொன்னப்ப பாகவதர் கன்னடர்தான், ஆனால் அவர் தமிழில் ‘பர்மா ராணி’ போன்ற படங்களில் நாயகனாக நடித்துவிட்டு வந்தவர். அந்தக் காலத்தில் கன்னடப் படங்களில் பெரும்பாலானவை சென்னையில்தான் எடுக்கப்பட்டன. ஒரே ஸ்டுடியோவில் காலையில் ஒரு மொழி, மாலையில் வேறொரு மொழி என்று எல்லாரும் பணிபுரிந்தார்கள். ‘எங்கள் நடிகையா, உங்கள் நடிகையா’ என்ற கேள்வி அவர்களுக்கு வந்திருக்காது, நமக்குத்தான் வருகிறது.

ரீல்பெட்டி எழுதியது:

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு மறுப்பைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எம்.ஜி.ஆரை விலக்கிவிட்டு சரோஜாதேவியைப் பற்றிப் பேசுவது என்பது, உப்பை விலக்கிவிட்டு ஊறுகாயைப் பற்றிப் பேசுவதுபோல. அவருடன் 26 படங்கள், சிவாஜியுடன் 22 படங்கள். இருவருக்கும் ஒரே நேரத்தில் நாயகியாக நீடிப்பது அன்றைய கோடம்பாக்கத்தில் எத்தனை கடினம் என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த இரண்டு எண்களும் சேர்ந்து நிற்பதே ஒரு சாதனை என்பது புரியும்.

எம்.ஜி.ஆர். படங்கள் எல்லாவற்றிலும் அவர் வெறும் அலங்காரம் என்று சொல்வதையும் என்னால் ஏற்க முடியாது. 1966 பொங்கலுக்கு வந்த ‘அன்பே வா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏவி.எம். நிறுவனத்துக்கு எம்.ஜி.ஆர். நடித்துக் கொடுத்த ஒரே படம் அதுதான். சிம்லாவில் ஓய்வெடுக்கத் தம் சொந்த மாளிகைக்கே வரும் செல்வந்தரிடம், அவர் யாரென்று தெரியாமல் அதட்டும் பெண்ணாக இவர் வருவார். சண்டைக்காட்சிகளும் அரசியல் வசனமும் குறைந்த அந்தப் படத்தில் பாதிப் பாரத்தைச் சுமப்பது இவருடைய நகைச்சுவைதான். கோபித்துக்கொண்டு நடக்கும்போது அவருடைய நடையே மாறிவிடும். அப்படி நடக்க யாரும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த 26 படங்களில் சிலவற்றில் அவருக்கு இரண்டு பாட்டும் ஓர் அழுகையும் தவிர வேறு வேலை இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

‘கோபால்’ விஷயத்துக்கு வருகிறேன். 1964-இல் சிவாஜியின் சொந்தத் தயாரிப்பாக வந்த ‘புதிய பறவை’யில்தான் அந்த விளிப்பு. பலகுரல் கலைஞர்கள் அறுபது ஆண்டுகளாக அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். அதனாலேயே அது ஒரு வேடிக்கையாகச் சுருங்கிவிட்டது. படத்தை இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த வரிகளைத் தாண்டிவிடுங்கள். கடைசியில் அந்தப் பெண் காவல்துறையைச் சேர்ந்தவள், கோபாலிடமிருந்து உண்மையை வரவழைக்கவே காதலியாக நடித்தவள் என்று தெரியவரும். முதல் முறை பார்க்கும்போது ஒவ்வொரு ‘கோபா…ல்’ என்ற அழைப்பும் காதலாகக் கேட்கிறது. முடிவு தெரிந்து இரண்டாம் முறை பார்த்தால், அதே அழைப்பு தூண்டிலாகக் கேட்கிறது. ஆனால் அவள் உண்மையாகவே அவனை நேசித்துவிட்டாள் என்பதும் கதையில் உண்டு. காதலிப்பதாக நடிக்கும் ஒருத்தி, நடிப்பின் நடுவில் காதலித்தும்விடுகிறாள் என்ற நிலையை, ஒரே பெயரை வெவ்வேறு இழுப்பில் சொல்லிக் காட்டியிருக்கிறார். எதிரில் சிவாஜி முழு வேகத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்த வேகத்துக்கு முன்னால் குரலைத் தாழ்த்தி வைத்துக்கொண்டே நிற்க முடிந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

ஒரு பிழையையும் திருத்திவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதை எழுதிவருகிறார்கள். 1967 மார்ச்சில் பொறியாளரான ஸ்ரீஹர்ஷாவை மணந்ததும் அவர் நடிப்பை விட்டுவிட்டதாகச் சொல்வது தவறு. முடிந்தது எம்.ஜி.ஆர். படங்கள் மட்டுமே. அந்த ஆண்டு ஜனவரியில்தான் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். மே மாதம் வெளிவந்த ‘அரச கட்டளை’தான் இருவரும் இணைந்த கடைசிப் படம். அதற்கு முன்பே, 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்ததிலிருந்து, ஜெயலலிதா அந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். சரோஜாதேவியோ சிவாஜியுடன் ‘என் தம்பி’, ‘அருணோதயம்’, ‘தேனும் பாலும்’ என்று தொடர்ந்தார். திருமணத்தோடு நாயகி வேடங்கள் ஓய்ந்துபோவது வழக்கமாக இருந்த காலத்தில் அது சிறிய காரியம் அன்று.

ஸ்ரீராம்புரத்துப்பெண் எழுதியது:

ரீல்பெட்டி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். திருமணத்துக்குப் பிறகு கன்னடத்தில் அவருக்குக் கிடைத்த வேடங்கள் இன்னும் கனமானவை. 1969-இல் புட்டண்ண கணகால் இயக்கத்தில் ராஜ்குமாருடன் நடித்த ‘மல்லம்மன பவாட’ அவற்றில் ஒன்று. மாற்றாந்தாயின் சூழ்ச்சிக்கு ஆட்பட்ட, உலகம் அறியாத கணவனை மீட்டெடுக்கும் மனைவியின் கதை. தமிழர்களுக்கு இந்தக் கதை தெரிந்ததுதான், 1987-இல் பாக்யராஜ் ‘எங்க சின்ன ராசா’ என்று எடுத்தது இதே கதைதான். உங்கள் பேச்சில் இதைச் சொன்னால் தமிழ்க் குடும்பங்கள் “அப்படியா?” என்று நிமிர்ந்து உட்காருவார்கள்.

மல்லிகைப்பந்தல் எழுதியது:

நான் எழுபத்தெட்டு வயதுக்காரி. பேரன் தட்டச்சு செய்ய, நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடிப்பு, வசனம் என்று பெரியவர்கள் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நான் உடையைப் பற்றிச் சொல்கிறேன்.

என் தகப்பனார் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். சம்பளத்துக்கு மறுநாள் குடும்பத்தோடு படத்துக்குப் போவோம். படம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், சரோஜாதேவி கட்டியிருந்த சேலையின் கரை எத்தனை விரல் அகலம், ரவிக்கையின் கை முழங்கைக்கு மேலே எவ்வளவு என்று என் அத்தைகள் விரலால் அளந்து பேசிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தெருவில் தைத்துக் கொடுத்த அம்மாளிடம் போய்ப் படத்தின் பெயரைச் சொன்னால் போதும், அளவு மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார். பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நுனியைத் திருகியபடி நிற்கும் பழக்கம் அந்த நாளில் எங்களில் பாதிப் பேருக்கு இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எங்கள் அம்மாவுக்குத் தெரியும், அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறோம்.

நீச்சல் உடையிலோ கையில்லாத ரவிக்கையிலோ நடிக்கக்கூடாது என்று தம் தாயார் விதித்திருந்ததாகவும், கடைசிவரை அதை மீறவில்லை என்றும் அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எங்கள் வீட்டில் அவருடைய படம் என்றால் மறுபேச்சில்லாமல் அழைத்துப் போனார்கள். மற்ற நடிகைகளின் படம் என்றால் அப்பா யோசிப்பார்.

அவருடைய தாயாரைப் பற்றி இன்னொன்று. சரோஜாதேவியைச் சன்னபட்டணத்துப் பக்கம் தசவார கிராமத்தில் அரசு மரியாதையோடு அடக்கம் செய்தபோது, அம்மாவின் சமாதிக்குப் பக்கத்திலேயே இடம் என்று செய்தியில் சொன்னார்கள். கண்களைத் தானம் செய்துவிட்டார்களாம். அந்தப் பெரிய கண்களை.

ரீல்பெட்டி எழுதியது:

அம்மா எழுதியதைப் படித்த பிறகு என்னுடைய நீண்ட பதிவு கொஞ்சம் வறட்சியாகத் தெரிகிறது.

அல்சூர்க்காரன் ஐயாவுக்கு ஒரு யோசனை. முதுமைக் காலத்தைக் காட்ட வேண்டும் என்றால் 1997-இல் வந்த ‘ஒன்ஸ்மோர்’ படத்தைப் பாருங்கள். 1986-இல் கணவரை இழந்த அவர், அதில் சிவாஜியின் பிரிந்துபோன மனைவியாக வருவார். அவர்களுடைய இளமைக் கதையைக் காட்ட 1963-இல் இருவரும் நடித்த ‘இருவர் உள்ளம்’ படத்தின் காட்சிகளையே எடுத்துச் சேர்த்திருப்பார்கள். ‘இருவர் உள்ளம்’ எழுத்தாளர் லட்சுமியின் ‘பெண் மனம்’ நாவலிலிருந்து எடுக்கப்பட்டது, வசனம் மு. கருணாநிதி. விருப்பமில்லாமல் மணக்க நேர்ந்தவனை வெறுக்கும் பெண்ணாக அவர் அதில் நடித்திருப்பது, என் கணக்கில் ‘கல்யாண பரிசு’க்கும் ஒரு படி மேல். முப்பத்துநான்கு ஆண்டு இடைவெளியில் அதே இரண்டு முகங்களை ஒரே படத்தில் பார்ப்பது அபூர்வம். ஒப்பனைக்காரர் நரை வைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

அல்சூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கேட்டது பதின்மூன்று நிமிடத்துக்கு, கிடைத்திருப்பதோ மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு.

நேற்றிரவு என் தாயாரையும் மனைவியையும் உட்கார வைத்து, கித்தூர் சென்னம்மாவின் கப்பக் காட்சியையும் ‘புதிய பறவை’யின் ஒரு காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டிருந்தால் இரண்டும் ஒருவரே என்று நான் நம்பியிருக்க மாட்டேன். ஸ்ரீராம்புரத்து அம்மையார் சொன்னது சரி. ஆகவே பேச்சைக் குரலிலிருந்தே தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். முதலில் திரையில் எதையும் காட்டாமல் ஒலியை மட்டும் போடுவேன், கன்னடக் குரல் ஒன்று, தமிழ்க் குரல் ஒன்று. இரண்டும் யாருடையவை என்று அவையைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு படத்தைக் காட்டுவேன். மூன்றாவது துண்டு ‘கல்யாண பரிசு’. ‘அன்பே வா’வை விட்டதற்கு ரீல்பெட்டி ஐயா மன்னிக்க வேண்டும், ஆனால் எம்.ஜி.ஆர். பெயர் பேச்சில் மூன்று முறை வருகிறது, மனைவியும் அனுமதித்துவிட்டாள். 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு அவருக்கு மறைவுக்குப் பின் கர்நாடக ரத்னா விருதை அறிவித்ததையும் சேர்த்திருக்கிறேன்.

மல்லிகைப்பந்தல் அம்மா, நீங்கள் பெங்களூரில்தான் இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. பேரனை அழைத்துக்கொண்டு வர முடியுமானால் தனிச்செய்தியில் முகவரி அனுப்புகிறேன். சேலைக் கரையைப் பற்றி நீங்களே இரண்டு நிமிடம் பேச வேண்டும். என் தாயாரும் பின்னல் நுனியைத் திருகியவர்தானாம், நேற்றுத்தான் ஒப்புக்கொண்டார்.